அவுட்போர்டு மோட்டாருக்கு எந்த ஆயில்? ஏற்காடு ஏரி முதல் மேட்டூர் நீர்த்தேக்கம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் லாரிக்கு ஆயில் வேண்டுமென்றால் எங்கும் அலைய வேண்டாம். சங்ககிரி பக்கம் போனால் பெட்டிக்கடைக்கு அடுத்த கடை ஆயில் கடையாகத்தான் இருக்கும். பைக்குக்கும் அப்படியே. படகு மோட்டாருக்கு ஆயில் கேட்டுப் பாருங்கள். "என்ன பைக்குங்க?" என்பதுதான் கடைக்காரரின் முதல் கேள்வி. அவரைக் குறை சொல்ல முடியாது. கடல் கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாகப்பட்டினத்திலும் ராமேசுவரத்திலும் சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம் இங்கே கைதேர்ந்த மெக்கானிக்குக்கும் புதிதாக இருக்கலாம்.

ஆனால் மோட்டார்கள் இங்கேயும் இருக்கின்றன. படகு இல்லங்களின் மீட்புப் படகுகள், வெள்ளக் காலத்தில் இறக்கப்படும் ரப்பர் படகுகள், மீன் பண்ணைக் குட்டைகள், எஸ்டேட்டுக்குள் இருக்கும் தனியார் ஏரிகள் என்று ஆங்காங்கே ஒன்றிரண்டு உண்டு. அவற்றில் பல, பைக் ஆயிலிலோ லாரி ஆயிலிலோதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. உடனே ஒன்றும் ஆகாது என்பதுதான் இதில் சிக்கல். இரண்டு பருவம் ஓடிய பிறகு பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொண்டு அழுத்தம் குறையும்போது, காரணம் ஆயில்தான் என்று யாருக்கும் தோன்றாது.

படகின் உள்ளே டீசல் இன்ஜின் வைத்து ஓட்டும் பரிசல்துறை விசைப்படகுகளுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அவற்றுக்கு லாரி ஆயிலே சரியான ஆயிலாக இருக்கக்கூடும். இங்கே பேசுவது படகின் பின்பலகையில் மாட்டி, தண்ணீருக்குள் கால் நீட்டி நிற்கும் பெட்ரோல் மோட்டாரான அவுட்போர்டைப் பற்றி மட்டும்.

ஏன் தனி ஆயில்?

பைக் இன்ஜினுக்கு எதிரி சூடு. அவுட்போர்டுக்கு எதிரி குளிர்ச்சியும் ஈரமும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஆயில் டப்பாவில் எழுதியிருக்கும் எல்லாமே புரிந்துவிடும்.

குளிர்நீரின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், கார் இன்ஜினில் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்கும். அவுட்போர்டில் பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரியை ஒட்டியே திறந்துவிடும். கடல்நீரை நேராக இன்ஜினுக்குள் இழுத்துக் குளிர்விப்பதால், அதற்கு மேல் சூடேறினால் உப்பு படிந்து நீர்ப்பாதை அடைத்துக்கொள்ளும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஏற்காட்டு ஏரியில் உப்பு இல்லை. ஆனால் மோட்டாருக்கு அது தெரியாது. அது கடலுக்கென்று பிறந்த இன்ஜின். இங்கேயும் அதே குளிர்ச்சியில்தான் ஓடும்.

குளிர்ந்து ஓடும் இன்ஜினில் ஆயிலுக்குள் சேரும் நீராவியும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாது. இன்னொரு பக்கம், படகு வேகமெடுத்தால் மோட்டார் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்றில் விடாமல் நிற்கும். டவுனுக்குள் ஓடும் பைக் அந்தச் சுற்றை எட்டுவதே அரிது. போதாக்குறைக்கு, பெரும்பாலான அவுட்போர்டுகளில் கிராங்க் தண்டு செங்குத்தாக நிற்கும். நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரை ஒரு வாரம் சும்மா விட்டால் ஆயில் முழுவதும் கீழே வடிந்துவிடும். மேல் பேரிங்கும் சிலிண்டர் சுவரும் மெல்லிய படலத்தை மட்டும் நம்பி, ஈரக் காற்றில் நிற்கும். ஆகவே துருவைத் தடுப்பது, தண்ணீரும் பெட்ரோலும் கலந்தாலும் கெடாமல் நிற்பது, தொடர்ந்த அதிவேகத்தில் பிசுக்கு உடையாமல் இருப்பது ஆகிய மூன்றும் இந்த ஆயிலிடம் எதிர்பார்க்கப்படுகின்றன.

முதல் படி: எந்த வகை மோட்டார் என்று உறுதி செய்யுங்கள்

பழைய மோட்டாரை விலைக்கு வாங்கியவர்கள் இங்கேயே தடுமாறுகிறார்கள். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றவேண்டிய மோட்டாரா, ஆயிலைத் தனியாக அடியில் வைத்திருக்கும் மோட்டாரா? மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியும் ஆயில் ஊற்றும் மூடியும் இருந்தால் நான்கு ஸ்ட்ரோக். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக். சில பெரிய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்களில் தனி ஆயில் தொட்டி இருந்து, மோட்டாரே அளந்து கலந்துகொள்ளும். அந்தத் தொட்டியைப் பார்த்து நான்கு ஸ்ட்ரோக் என்று ஏமாந்துவிடக்கூடாது.

அடுத்த கேள்வி, தண்ணீரால் குளிர்கிறதா, காற்றாலா? இதைப் பலர் கேட்பதே இல்லை. ஓடும்போது பின்பக்கம் ஒரு சிறு துளையிலிருந்து தண்ணீர் தாரையாகப் பீய்ச்சினால் நீர்க்குளிர்ச்சி. புல்வெட்டும் இயந்திரத்தின் தலையை எடுத்து நீண்ட குழாயில் மாட்டியதுபோல் இருக்கும் மலிவான சின்ன மோட்டார்கள் இப்போது இணையத்தில் விற்கின்றன. அவை பெரும்பாலும் காற்றுக் குளிர்ச்சி. பெயர் பெற்ற நிறுவனங்களின் 2 குதிரைத்திறன் அளவிலான மோட்டார்களிலும் காற்றுக் குளிர்ச்சி உண்டு, ஹோண்டாவின் 2.3 குதிரைத்திறன் மோட்டார் அப்படிப்பட்டதே.

இரண்டாம் படி: டப்பாவில் முத்திரையைத் தேடுங்கள்

பிராண்டுக்கு முன்னால் முத்திரை. விலைக்கு முன்னாலும் முத்திரைதான். படகு மோட்டார் ஆயில்களைச் சோதித்துச் சான்று தருவது அமெரிக்காவின் தேசியக் கடல்சார் உற்பத்தியாளர் சங்கம். சுருக்கமாக என்எம்எம்ஏ. உலகம் முழுவதும் மோட்டார் தயாரிப்பாளர்கள் அதன் இரண்டு தரக்குறிகளைத்தான் கையேட்டில் போடுகிறார்கள்.

நீர்க்குளிர்ச்சி உள்ள இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3. இந்த ஆயிலில் சாம்பல் விடாத சுத்திகரிப்புப் பொருள்களே சேர்க்கப்படும். இரண்டு ஸ்ட்ரோக்கில் ஆயில் ஒருமுறை உள்ளே போனால் எரிந்தே வெளியேறவேண்டும். அப்போது சாம்பல் மிஞ்சினால் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் கட்டிதட்டி, தீப்பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான்.

நான்கு ஸ்ட்ரோக்குக்கு எஃப்சி-டபிள்யூ. 2004-ஆம் ஆண்டு வந்த தரம் இது. கார் ஆயிலுக்கு உள்ள ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரத்துக்கு மேல், துருச் சோதனை, தண்ணீர் கலந்தால் வடிகட்டி அடைக்கிறதா என்ற சோதனை, நுரை, பிசுக்கு உடைதல் என்று படகுக்கே உரிய சோதனைகளும் இதில் உண்டு. எஸ்ஜே, எஸ்எல் போன்ற ஏபிஐ எழுத்துகள் மட்டும் இருந்து எஃப்சி-டபிள்யூ இல்லையென்றால், அது நல்ல கார் ஆயில். அவ்வளவுதான்.

இங்கே ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. காபி எஸ்டேட் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரத்துக்கென்று ஒரு டூ-டி (இரண்டு ஸ்ட்ரோக்) ஆயில் டப்பா எப்போதும் இருக்கும். அதில் ஜாசோ என்னும் ஜப்பானியத் தரக்குறியில் எஃப்சி அல்லது எஃப்டி என்று போட்டிருக்கும். காற்றால் குளிரும், கொதிக்கக் கொதிக்க ஓடும் இன்ஜினுக்கான ஆயில் அது. அதன் பக்கத்திலேயே படகு மோட்டாரின் டிசி-டபிள்யூ3 டப்பாவையும் வைத்தால், அவசரத்தில் எது கைக்கு வருகிறதோ அது ஊற்றப்படும். இரண்டு திசையிலும் இது தவறு. புல்வெட்டி ஆயிலைப் படகு மோட்டாருக்கு ஊற்றினால் சாம்பல் படியும். டிசி-டபிள்யூ3 ஆயிலைப் புல்வெட்டிக்கு ஊற்றினால் அந்தச் சூட்டை அது தாங்காது. மேலே சொன்ன காற்றுக் குளிர்ச்சி இரண்டு ஸ்ட்ரோக் சின்ன மோட்டார்களுக்கு மாறாக ஜாசோ எஃப்டிதான் சரி. டப்பா மேல் பெயின்ட்டால் "படகு", "புல்வெட்டி" என்று எழுதிவைப்பது ஐந்து நிமிட வேலை. ஆயிலின் நிறத்தை நம்பவேண்டாம். டிசி-டபிள்யூ3 பெரும்பாலும் நீலமாக இருக்கும் என்பது வழக்கம், விதி அல்ல.

ஏரியின் நடுவில் மாட்டிக்கொண்டு, கையில் புல்வெட்டி ஆயில் மட்டும்தான் இருக்கிறதென்றால் அதைக் கலந்தே கரைக்கு வாருங்கள். ஆயிலே இல்லாமல் இரண்டு ஸ்ட்ரோக்கை ஓட்டுவதைவிட எந்த டூ-டி ஆயிலும் மேல். ஆனால் கார், பைக்கின் நான்கு ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலில் கலக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

மூன்றாம் படி: கெட்டித்தன்மை

"சேலத்து வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும்" என்பது நம் ஊரில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. லாரி ஓட்டுபவர்களிடமிருந்து வந்தது. பைக்குக்கு 20டபிள்யூ-40 ஊற்றிப் பழகிய கை, படகு மோட்டாருக்கும் அதையே நீட்டும்.

நீரால் குளிரும் மோட்டாரில் இந்தக் கணக்கு முழுதும் செல்லாது. மேட்டூரில் மே மாதம் காற்று 40 டிகிரியில் கொதித்தாலும், இன்ஜினின் சூட்டைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட்டும் அணைத் தண்ணீரும்தான். அந்தத் தண்ணீர் காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும்.

எண்களின் பொருள் இது: 10டபிள்யூ-30 என்பதில் முன்னால் உள்ளது குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. எண் குறையக் குறைய ஓட்டம் எளிது. பின்னால் உள்ளது 100 டிகிரி சூட்டில் உள்ள கெட்டித்தன்மை. 30 என்றால் அந்தச் சூட்டில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு); 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. செங்குத்தாக நிற்கும் கிராங்க் தண்டின் உச்சி பேரிங்குக்கு, இழுத்துக் கிளப்பிய சில நொடிகளுக்குள் ஆயில் ஏறவேண்டும். டிசம்பர், ஜனவரி காலையில் ஏற்காட்டில் பனி இறங்கியிருக்கும்போது 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில் மெல்ல ஏறும். அந்தச் சில நொடித் தாமதம் ஒவ்வொரு காலையும் நடக்கிறது.

என் தேர்வு இது: ஏற்காட்டில் ஓடும் மோட்டாருக்கு 10டபிள்யூ-30. மேட்டூர், சேலம் சமவெளியில் 10டபிள்யூ-30 போதும். கையேடு அனுமதித்தால் 10டபிள்யூ-40. மெர்க்குரி போன்ற சில நிறுவனங்கள் வெயில் பகுதிகளுக்கு 25டபிள்யூ-40 என்று தனி ஆயில் விற்கின்றன. உங்கள் மோட்டாரின் கையேட்டில் அந்த எண் இருந்தால் மட்டும் சமவெளியில் அதைப் பயன்படுத்தலாம், மலைக்கு வேண்டாம். கையேடு தொலைந்திருந்தால் மூடியின் உள்பக்கத்திலோ ஆயில் ஊற்றும் மூடியின் மேலேயோ எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். யமஹா, சுசுகி, ஹோண்டா, டோஹட்சு எல்லாமே பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் மாடல்களுக்கு 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 என்றுதான் சொல்கின்றன.

சிந்தடிக்கா, சாதாரணமா? இதற்குக் கடைக்காரர் சொல்லும் பதில் எப்போதும் விலை கூடியதாகத்தான் இருக்கும். எஃப்சி-டபிள்யூ முத்திரை உள்ள சாதாரண ஆயிலை உரிய நேரத்தில் மாற்றினால் 9.9 குதிரைத்திறன் மோட்டாருக்குத் தாராளம். முத்திரை இல்லாத சிந்தடிக்கைவிட அது நிச்சயம் மேல்.

லாரி ஆயிலான 15டபிள்யூ-40 பற்றியும் ஒரு சொல். அது டீசல் புகைக்கரியைச் சுமப்பதற்குச் செய்தது, சாம்பல் தரும் பொருள்கள் அதிகம். பெட்ரோல் அவுட்போர்டில் அதற்கு வேலையில்லை. ஜாசோ எம்ஏ போட்ட பைக் ஆயில் அதன் ஈரக் கிளட்ச் வழுக்காமல் இருப்பதற்காகச் செய்தது. அவுட்போர்டில் அந்தக் கிளட்சே இல்லை.

நான்காம் படி: மலையின் கணக்கு

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் மோட்டார் அதை உணராமல் பெட்ரோலைக் கிட்டத்தட்ட பழைய அளவிலேயே விடும். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலில் போய்ச் சேரும்.

இதோடு ஏரியில் படகு ஓடும் விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். சுற்றிலும் மிதிபடகுகள். வேகமெடுக்க வழியில்லை. மோட்டார் மணிக்கணக்கில் ஆமை நடையில் ஓடும், முழுச் சூட்டையே எட்டாது. ஆயிலில் சேர்ந்த பெட்ரோல் ஆவியாகாது. ஒரு மாதம் கழித்து அளவுக்கம்பியைப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும்! "நல்ல மோட்டார், ஆயிலே குடிக்கவில்லை" என்று சிலர் மகிழ்ந்துபோவார்கள். கம்பி நுனியை முகர்ந்தால் உண்மை தெரியும்: பெட்ரோல் வாடை. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் பிசுக்கே இல்லாமல் தண்ணீராக நழுவும். அந்த ஆயில் கெட்டது, உடனே மாற்றவேண்டும்.

இதற்குத் தீர்வு வேறு ஆயில் வாங்குவதில் இல்லை. கெட்டியான ஆயில் ஊற்றி ஈடுகட்டப் பார்ப்பது ஏமாற்று வேலை. செய்யவேண்டியவை வேறு. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மலையிலேயே நிரந்தரமாக ஓடும் கார்புரேட்டர் மோட்டாருக்கு உயரத்துக்கு ஏற்ற சிறிய ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளை) போடச் சொல்லுங்கள். தயாரிப்பாளர்கள் இதற்கென்றே ஜெட் வைத்திருக்கிறார்கள். காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால், இடமிருந்தால், பத்து நிமிடம் நல்ல வேகத்தில் ஓடவிடுங்கள். மலையில் மோட்டாரின் சக்தியே குறைவதால், சமவெளிக்குப் போட்ட புரொப்பல்லரோடு முழு வேகத்திலும் உரிய சுற்றை அது எட்டாமல் திணறலாம். அப்போது பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பல்லர் தேவைப்படும். எரிபொருளைத் தானே அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் மோட்டார்களில் உயரத்தால் வரும் தொல்லை பெரிதாக இல்லை. மெதுவாக ஓடும் தொல்லை அவற்றுக்கும் உண்டு.

ஐந்தாம் படி: இரண்டு ஸ்ட்ரோக்குக்குக் கலவை

கணக்கு எளிது. 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 5 லிட்டருக்கு 100, பத்துக்கு 200. 100:1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 10 மில்லி. 25:1 என்றால் லிட்டருக்கு 40. இது பெரும்பாலும் புது மோட்டாரைப் பழக்கும் முதல் சில மணி நேரத்துக்கும், சில பழைய மாடல்களுக்கும். உங்கள் மோட்டாருக்கு எது என்பதைக் கையேடுதான் சொல்லவேண்டும், பக்கத்துப் படகுக்காரர் அல்ல.

மூடியால் குத்துமதிப்பாக அளப்பதை விட்டுவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் அளவுக்கோடு போட்ட சிரிஞ்சோ அளவுக் குவளையோ போதும். பெட்ரோல் தொட்டியைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு முழு ஆயில், மூடிக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். ஆயிலை முதலில் ஊற்றி மேலே பெட்ரோலைக் கொட்டினால் அடியில் தங்கிவிடும். மோட்டார் முதலில் வெறும் ஆயிலைக் குடித்துப் புகைவிட்டு, பின்னால் வெறும் பெட்ரோலில் காயும்.

"ஆயில் கொஞ்சம் கூடினால் நல்லதுதானே" என்பதும் சரியல்ல. பிளக் கரியேறுவதோடு, கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து எரிதலே கெடும்.

பெட்ரோலைப் பற்றிச் சொல்லாமல் கலவையைப் பேச முடியாது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் ஒப்புவதில்லை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஏற்காட்டு மூடுபனியில் பாதி நிரம்பிய தொட்டியைத் திறந்த காற்றுத்துளையோடு விட்டால் கேட்கவே வேண்டாம். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மோட்டார் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. அதாவது ஆயிலே இல்லாத நீர்க்கலவை. எத்தனால் குறைந்த பெட்ரோல் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து, வாராவாரம் தீர்த்துவிடுங்கள். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றை எரிபொருள் குழாயில் பொருத்துவது நல்ல செலவு.

ஆறாம் படி: கியர் ஆயிலை மறக்கவேண்டாம்

இன்ஜின் ஆயிலைத் தேடித் தேடி வாங்குபவர்கள் தண்ணீருக்குள் கிடக்கும் கியர்பெட்டியைத் திறந்தே பார்ப்பதில்லை. தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்யும் பாகம் அது. தூண்டில் நரம்பு புரொப்பல்லர் தண்டில் சுற்றிக்கொண்டால், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் அடைப்பு (சீல்) கிழிந்து தண்ணீர் உள்ளே புகும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் வலைகளுக்கும் நரம்புகளுக்கும் பஞ்சமில்லை.

கையேடு சொல்லும் எண், பொதுவாக எஸ்ஏஇ 90 அல்லது 80டபிள்யூ-90. தரம் ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5. படகுக்கென்று விற்கும் கியர் ஆயில், தண்ணீர் கலந்தாலும் ஓரளவு காப்பு தரும். லாரி டிஃபரென்ஷியல் ஆயில் எண் ஒத்துப்போனாலும் அந்தக் குணம் குறைவு.

மாற்றும் முறை வழக்கத்துக்கு மாறானது, அதனால் சற்று நின்று சொல்கிறேன். காலில் இரண்டு திருகுகள் இருக்கும், கீழே ஒன்று, மேலே ஒன்று. மோட்டாரை நேராக நிறுத்தி, அடியில் பாத்திரம் வைத்து, முதலில் கீழ்த்திருகைக் கழற்றுங்கள். உடனே மேல்திருகைத் திறக்காமல் ஒரு கணம் பாருங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் ஆயிலைவிடக் கனமான அதுதான் முதலில் சொட்டும். பிறகு மேல்திருகைத் திறந்தால் ஆயில் விடுபட்டு இறங்கும். பால் ஊற்றிய காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் அடிபட்டுக் கலந்திருக்கிறது. அடைப்புகளை மாற்றாமல் புது ஆயில் ஊற்றிப் பயனில்லை. திருகின் காந்த முனையில் மெல்லிய பசைபோல் இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. கைக்குத் தட்டுப்படும் துணுக்கு இருந்தால் கியர் பல் உடைந்திருக்கும்.

நிரப்புவது கீழிருந்து மேலே. கீழ்த்துளையில் ஆயில் குழாயின் முனையைப் பொருத்தி அழுத்துங்கள். மேல்துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும்வரை விடக்கூடாது. முதலில் மேல்திருகை மூடுங்கள். அப்போதுதான் கீழே குழாயை எடுக்கும்போது ஆயில் கொட்டாது. மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கி, நிறைந்ததுபோல் காட்டி, பாதிதான் இருக்கும். இரண்டு திருகின் வாஷரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். சில ரூபாய் வாஷரை மிச்சம் பிடித்துக் கியர்பெட்டியை இழந்தவர்கள் உண்டு.

ஏழாம் படி: வாங்குவது

உள்ளூர்க் கடையில் கிடைக்காவிட்டால் சென்னை, கொச்சி போன்ற துறைமுக நகரங்களின் மோட்டார் முகவர்களிடம் வரவழைக்கலாம். ஒரு பருவத்துக்கு வேண்டியதை ஒரே முறை வாங்குங்கள். சிறிய 9.9 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக்குக்கு ஒருமுறை மாற்ற ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் ஆகும்; 40 முதல் 60 குதிரைத்திறன் என்றால் இரண்டு லிட்டருக்கு மேல். முத்திரை உடையாத மூடி, தயாரிப்புத் தேதி, பில் மூன்றும் இருக்கட்டும். பீப்பாயிலிருந்து அளந்து தரும் சில்லறை ஆயிலை எவ்வளவு வேண்டியவர் விற்றாலும் வாங்காதீர்கள். மோட்டார் நிறுவனத்தின் சொந்த ஆயிலையே வாங்கவேண்டுமா என்றால், உத்தரவாதக் காலத்தில் ஆம், வாக்குவாதம் மிச்சம். அதற்குப் பிறகு என்எம்எம்ஏ சான்று உள்ள எந்த ஆயிலும் போதும்.

எட்டாம் படி: மாற்றுவதும், பழைய ஆயிலைப் படிப்பதும்

நான்கு ஸ்ட்ரோக்குக்குப் பெரும்பாலான கையேடுகள் புது மோட்டாரில் முதல் 20 மணி நேரத்திலும், பின்னர் 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கின்றன. நூறு மணி ஓடாவிட்டால் ஆறு மாதமோ ஓர் ஆண்டோ, கையேட்டின்படி. ஏரியில் மெதுவாக மட்டும் ஓடும் மோட்டாருக்கு நான் ஐம்பது மணிதான் சொல்வேன். சிறிய மோட்டார்களில் மணிமானி இருக்காது. படகுப் பெட்டியில் ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள்.

நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் மோட்டாரை இறக்கி ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது. நீரேற்றும் ரப்பர் சக்கரம் கருகிவிடும். பிறகு வடிதிருகைத் திறந்து முழுதும் வடியவிட்டு, வடிகட்டி இருந்தால் அதையும் மாற்றுங்கள். புது வடிகட்டியின் ரப்பர் வளையத்தில் ஒரு துளி ஆயில் தடவிக் கையாலேயே இறுக்கினால் போதும். கையேட்டின் அளவில் முக்கால் பங்கு ஊற்றி, ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து மோட்டாரை நேராக நிறுத்திக் கம்பியில் பார்த்து மீதியை ஊற்றுங்கள். சாய்ந்த நிலையில் பார்க்கும் அளவு பொய். மேல்கோட்டுக்கு மேல் போகவும் கூடாது. மிஞ்சிய ஆயிலைத் தண்டு அடித்து நுரையாக்கும்.

வடிந்த ஆயில் கறுப்பாக இருப்பது கவலைக்குரியதல்ல, அழுக்கைச் சுமக்கும் வேலையைச் செய்திருக்கிறது. வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர். வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது மினுமினுப்பு ஓடினால் பேரிங் தேய்மானம். மோட்டாரை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பெட்ரோல் வாடையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

பழைய ஆயிலை ஏரிக்கரையில் கொட்டுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. சேலம் குடிக்கும் தண்ணீர் மேட்டூரிலிருந்து வருகிறது. மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஆயில் சேகரிக்க அனுமதி பெற்றவர்களுக்கு அனுப்பும் பெரிய பட்டறையில் கொடுத்துவிடுங்கள். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் எரியாத ஆயிலில் ஒரு பங்கைப் புகையோடு தண்ணீரிலேயே விடுகிறது என்பதால், ஏரிக்குப் புது மோட்டார் வாங்குபவர்கள் நான்கு ஸ்ட்ரோக்கையே வாங்கலாம்.

கடைசியாக: கொண்டை ஊசிகளும் ஓய்வுக் காலமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மோட்டாரைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு போகும்போது, நான்கு ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கமாகப் படுக்கவைக்கவேண்டும் என்பதை மோட்டாரின் மேலேயே படம் போட்டிருப்பார்கள். மாற்றிப் படுக்கவைத்தால் அடியிலுள்ள ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். மேலே போய்க் கிளப்பினால் கயிறு அசையாது, அல்லது வெண்புகை மூட்டமாக வரும். கயிறு அசையாவிட்டால் பலம் கொண்டமட்டும் இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெல்ல இழுத்து ஆயிலை வெளியேற்றி, பிளக்கைத் துடைத்துப் போடவேண்டும். வண்டியில் ஏற்றுவதற்கு முன் மோட்டாரை நிமிர்த்தி உள்ளே நிற்கும் தண்ணீரை முழுதும் வடித்துவிடுங்கள். பயணம் முழுவதும் இன்ஜின் பக்கம் கால்பக்கத்தைவிட உயர்ந்தே இருக்கட்டும். இல்லையென்றால் மிச்சத் தண்ணீர் புகைவழியாகச் சிலிண்டருக்குள் போகும்.

கோடை விழாக் கூட்டம் ஓய்ந்து மோட்டாரை மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால், ஆயிலை நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். திரும்ப எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், அமிலமும் ஈரமும் ஏறிய பழைய ஆயில் மழைக்காலம் முழுவதும் பேரிங்குகளை அரித்துக்கொண்டிருக்கும். இன்ஜெக்‌ஷன் மோட்டாருக்குக் கையேடு சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள். கார்புரேட்டர் மோட்டாரில் எரிபொருள் குழாயைக் கழற்றி, தண்ணீரில் நிறுத்தி, தானே அணையும்வரை ஓடவிடுங்கள். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்து, பிளக்கைத் திரும்பப் போடுங்கள். இரண்டு ஸ்ட்ரோக்கானால் டிசி-டபிள்யூ3, நான்கு ஸ்ட்ரோக்கானால் அதன் ஆயிலே. மோட்டாரை நேராக நிறுத்தி வையுங்கள், காற்றோட்டமுள்ள கொட்டகையில், பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடாமல்.